என் பேரில் ஒரு பத்திரம்!

2004 தீபாவளிக்கு நாலு நாள் முன்பு. புதுச்சேரியில் அப்போது நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஆபீஸில், நாற்பது பேருக்கான போனஸ் லிஸ்ட்டை அடித்து முடித்து சர்வரில் 'சேவ்' கொடுத்தால்... டிஸ்க்கில் இடம் இல்லை என்று கையை விரித்தது கம்ப்யூட்டர்!

சிஸ்டம் தம்பி இரண்டு தடவை எச்சரித்திருந்தான். "ஸார், ஆளுக்கு 500 எம்.பி.தான். நீங்க 450-ஐத் தாண்டிட்டீங்க." கரண்ட் பில் மாதிரி கடைசித் தேதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஹி... ஹி...

வேடிக்கை என்னவென்றால், பக்கத்து ஸீட்காரருக்கு அதே டிரைவில் ஏகப்பட்ட இடம் காலி. எனக்கு மட்டும் பூஜ்யம்! இத்தனைக்கும் பெரிய ஃபைல்களை எல்லாம் எப்போதோ பொது ஃபோல்டருக்குத் தள்ளியிருந்தேன்.

தம்பி சிரித்தான். "பீச் பக்கம் எத்தனை வீட்டுக்கு ஓனர் பிரான்ஸ்ல இருக்காரு... குடியிருக்கிறது வேற யாரோ. வீட்டு வரி யார் பேர்ல வருது?"

"பத்திரத்துல இருக்கிறவர் பேர்ல."

"இங்கேயும் அதான் ஸார். விண்டோஸ் 2000 ஃபோல்டரைப் பார்க்காது. ஃபைலுக்கு ஓனர் யாரோ, அவங்க கணக்குல எழுதிடும். அதே டிரைவுக்குள்ள எங்க தள்ளினாலும் உங்க தலையிலதான்!"

என் பேரிலிருந்த ஃபைல்களை ஜாபிதா எடுத்தான். முதலில் நின்றது 310 எம்.பி. வீடியோ ஒன்று. எங்கள் ஹெட்கிளார்க்கின் பிரிவு உபசார விழா, நான் எடுத்தது. ரிட்டயரான மூன்றாம் மாதமே மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"டெலீட் பண்ணிடலாமா ஸார்? நெட்வொர்க் டிரைவ்ல அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்கு வராது. போனா போனதுதான்."

பகீரென்றது. "முதல்ல ஸி.டி. போடுப்பா!"

இரண்டு ஸி.டி. போட்டு, ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அழித்தோம். போனஸ் லிஸ்ட் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது.

2005 கடைசியில் வந்த விண்டோஸ் சர்வர் 2003 ஆர்-2 முதல், ஃபோல்டருக்கே அளவு வைக்க முடிகிறது. அதனால் இன்றைக்கு எச்சரிக்கை வந்தால் அழிப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்... கணக்கு ஆள் பேரிலா, ஃபோல்டர் பேரிலா?

அன்று சாயங்காலமே ஒரு ஸி.டி.யோடு முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்ளோ நாளா இத எங்க வச்சிருந்தீங்க தம்பி?"

"என் கணக்குலதாம்மா..." என்றேன்.