மகன் பெயரில் ஒரு போன்

ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருக்கும் மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். வருகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை; நீட்டப்படும் போனைத்தான் பார்க்கிறார். ஹாட் ஏர் கன் சீறுகிறது. தீய்ந்த ஃப்ளக்ஸின் வாடை மூக்கில் ஏறுகிறது. ரப்பர் பேண்ட் போட்ட டிஸ்ப்ளேக் கட்டுகள் மாடல் வாரியாகச் சுவரோரம் அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஜெராக்ஸ் கடைக்கார அம்மா ஒருவர் பிரிண்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார்.

"இங்க் ரொப்பியிருக்கு. இது இல்லவே இல்லைன்னு சொல்லுதுப்பா."

"இங்க் இருக்கான்னு அது பாக்காதுக்கா. காட்ரிஜ்ல இருக்கிற சிப்பு சொல்றதைத்தான் கேக்கும். அப்டேட் போட்டீங்களா?"

"நான் எங்க போட்டேன்? அதுவா போட்டுக்கிச்சு."

"இனிமே அதுக்கு நெட் குடுக்காதீங்க."

அந்த அம்மாவுக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. பிரிண்டரை ஒரு முறை முறைத்துவிட்டு நகர்ந்தார்.

பெரியவர் ஒருவர் முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போனை வைத்துக் கொண்டுவந்திருந்தார். டிஸ்ப்ளே நொறுங்கி, டச் செத்துப்போயிருந்தது. சரிசெய்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓரத்துப் பட்டன்களை அழுத்திப் பார்த்ததில் போன் மொத்தமாக ரீசெட் ஆகிவிட்டதாம். இப்போது புது டிஸ்ப்ளே பளிச்சென்று எரிகிறது. அதில் ஒரே ஒரு கேள்வி: இந்தப் போனில் முன்பு இருந்த கணக்கு எது?

"எஃப்.ஆர்.பி. லாக் சார். யாரோட மெயில் போட்டிருந்தீங்க?"

"என் பையன்தான் போட்டுக் குடுத்தான். டெக்ஸாஸ்ல இருக்கான்."

"அவர் நம்பர் சொல்லுங்க."

"நம்பர் அதுக்குள்ளதானே தம்பி இருக்கு."

2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த பூட்டு இது. திருடினவன் ரீசெட் செய்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருடனும் அப்பாவும் அதற்கு ஒரே ஆள்.

பெரியவர் சட்டைப்பையைத் துழாவி ஒரு பாக்கெட் டைரியை எடுக்கிறார். மெக்கானிக் தன் போனில் வாட்ஸ்அப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறார். அங்கே இன்னும் விடியவில்லை. தூக்கம் கலையாத குரல் பாஸ்வேர்டைச் சொல்கிறது. அடித்ததும், பழைய நம்பருக்குக் கோட் அனுப்பியிருப்பதாகப் போன் சொல்கிறது. "அந்த சிம் எப்பவோ போச்சுப்பா. காலையில வேற வழி பாக்கறேன்" என்று குரல் கொட்டாவி விடுகிறது.

பெரியவர் பையிலிருந்து பில்லை எடுத்து, பட்டா நிலத்துக்காரர் பத்திரத்தை நீட்டுவதுபோல் நீட்டுகிறார். "என் காசு தம்பி. பென்ஷன் பணம்." மெக்கானிக் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தெர்மல் பேப்பர். எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாள்.

"பில்லு இருந்தா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேக்கலாம் சார். இதைக் காட்டினா சிரிப்பாங்க."

"நீயே ஏதாவது பண்ணேன்."

"பைபாஸ் பண்ற ஆளுங்க இந்தத் தெருவுலயே இருக்காங்க. நான் பண்றதில்ல. ஒரு திருட்டு போன் வந்தாப் போதும், ஸ்டேஷனுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க."

உதவிக்கு நிற்கும் பையன் ஒரு பழைய ஐபோனைப் பிரித்தபடி, "ஹோம் பட்டன் மாத்திடலாமாண்ணா?" என்கிறான். "அதைத் தொடாத" என்று மெக்கானிக் எரர் 53 கதையைத் தொடங்குகிறார். வெளிக்கடைகளில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள் பல, அப்டேட் போட்டதும் செத்துப்போயின. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. வெளியே ரிப்பேர் பார்த்தவர்களுக்கு நிவாரணம் கேட்க உரிமை கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. மெக்கானிக்கின் கதையில் அபராதம் இல்லை. திட்டிவிட்டுப் போன கஸ்டமர்கள்தான் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் நம் மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதன் பெயரை இந்தத் தெருவில் யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

எனக்கு ஸ்க்ரூ வெளியே தெரியும் சாமான்கள்மேல் தனி மரியாதை உண்டு. நகத்தால் மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்ட போன்களை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒவ்வொரு போனையும் சூடு காட்டி, பசை இளக்கி, பிளாஸ்டிக் கார்டு செருகித்தான் திறக்கிறார்கள்.

"டிஸ்ப்ளேக்கு 1,800 சார்."

"திறக்காத போனுக்கு எதுக்குப்பா முழுக்காசு?"

"நான் கண்ணாடி மாத்தினேன். நல்லா எரியுதா இல்லையா?"

நன்றாகத்தான் எரிகிறது. பெரியவர் மறுக்கவில்லை. நோட்டுகளை இரண்டு தடவை எண்ணுகிறார். பிறகு மேசை ஓரத்தில் கிடக்கும் உடைந்த டிஸ்ப்ளேயைக் காட்டுகிறார்.

"அதைக் குடு."

"பழசை நாங்களே வச்சுக்குவோம் சார்."

"ஏன், அது என்னுதுதானே?"

மெக்கானிக் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி முதன்முறையாக அவர் முகத்தைப் பார்க்கிறார். இந்தத் தெருவில் உடைந்த டிஸ்ப்ளேக்கும் விலை உண்டு.

"சரி, அதுக்கு நூறு கழிச்சுக்கறேன்."

"இருநூறு" என்கிறார் பெரியவர்.