நீலக் குப்பி

இனிய பூமணம் இளமைக்கும் மென்மைக்கும் உரியது, கண்டிப்பானவர்களுக்கு அகிலும் சந்தனமுமே பொருந்தும் என்பார்கள் அத்தர் விற்போர். என் பெரிய ராத்தாவை அவர்கள் கண்டதில்லை.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இங்கிருந்து சைகோனுக்குப் பிழைக்கச் சென்றோர் பலர். எங்கள் மச்சான் அங்கிருந்து ராத்தாவுக்குக் கொண்டுவந்தது ஒரு சிறிய நீலக் குப்பி: 'சுவார் தெ பாரி', அதாவது பாரிஸ் மாலை. பூர்ழுவா நிறுவனத்தார் 1928இல் வெளியிட்டது. ஆக்கியவர் எர்னஸ்ட் போ. 1921இல் வந்த 'ஷனேல் ஐந்து' மணமும் அவர் கைவண்ணமே. மல்லிகையும் வயலட் பூவும் கலந்த தித்திப்பு, அடியில் வனிலா.

ராத்தாவோ சிரிப்பை எண்ணிச் செலவிடுபவர். மச்சான் மௌத்தானதும் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். கடன்காரரை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளும் குப்பி பெட்டிக்குள் கிடந்தது. அதன்பின் வெள்ளியிரவுகளில், பிள்ளைகள் உறங்கியதும், கழுத்தோரம் ஒரு துளி இட்டுக்கொள்வார். அதை இட்டுக்கொண்டு வாசற்படி தாண்டியதில்லை.

அவர் வீட்டில் தங்கிப் படித்த நான் ஓரிரவு தண்ணீருக்காக எழுந்து அதைக் கண்டுவிட்டேன். அதட்டுவார் என அஞ்சினேன்.

"ஒங்க மச்சானுக்கு நான் இப்படி இருந்தாத்தான் பிடிக்கும், தம்பி" என்றார். 'பிடிக்கும்' என்றார், 'பிடித்தது' என்று சொல்லவில்லை.

பூமணம் சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும்; வனிலா போன்ற கனத்த மணமே விடியும்வரை தோலில் தங்கும். சுபுஹுக்கு எழுப்பக் குனிந்து அவர் என்னை உலுக்கும்போது அது இலேசாக வீசும். குரலில் மட்டும் இனிப்பே இராது.