கை தூக்கும் உத்தியோகம்

சென்ற கோடையில் என் பெண்ணுக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் ஒரு காசு கிடையாது. வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தங்கரையில் வெயிலில் நிற்க வேண்டும். பிள்ளைகள் முறை தவறி நீந்தினால் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சிறுவர் நீச்சல் போட்டிகள் பெற்றோரை நம்பியே நடக்கின்றன. நடுவராக நிற்பவர் அநேகமாக யாரோ ஒரு குழந்தையின் அப்பா, இல்லாவிட்டால் அம்மா. நியூ ஜெர்சியில் அவள் வீட்டில் நான் தங்கியிருந்தபோது, சமையலறை மேஜையில் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் படித்த படிப்பைப் பார்த்தேன். பி.ஏ. பரீட்சைக்கு இதில் பாதி படித்திருக்கலாம்! பரீட்சை தேறியும் விடவில்லை. பழகிய நடுவர் ஒருவரின் நிழலாகச் சில போட்டிகளில் நிற்க வைத்த பிறகே தனியே விட்டார்கள்.

என்னையும் விட்டார்களா? ஆள் போதவில்லை என்று பத்து நிமிஷம் பாடம் சொல்லி, கையில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஓசையைக் கேட்டு அழுத்தக் கூடாதாம். விளக்கு பளிச்சிடுவதைப் பார்த்து அழுத்த வேண்டுமாம். ஓசை பிந்தி வருமல்லவா?

கண்ணை நம்பினால் வரும் வம்புக்கு 1960 ரோம் ஒலிம்பிக் சாட்சி. நூறு மீட்டர் பந்தயத்தில் அமெரிக்கர் லார்சனுக்குக் கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. ஆஸ்திரேலியர் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2. முதலிடம் பார்த்த மூவரில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடம் பார்த்த மூவரிலும் இருவர் டெவிட் என்றார்கள்! தங்கம் டெவிட்டுக்கே போயிற்று. லார்சனின் நேரத்தைக்கூட 55.2 என்று மாற்றி எழுதினார்கள். 1968-ல் மெக்ஸிகோவில், தொட்டால் நேரம் பதியும் பலகை சுவருக்கு வந்துவிட்டது. ஆனால் தொட்டது ஒரு கையா, இரண்டு கையா என்று பலகைக்குத் தெரியாது. அதற்கு என் பெண்தான் வேண்டும்.

தவளை நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒருசேரச் சுவரைத் தொட வேண்டும். சந்தேகம் வந்தால் நீந்துகிற குழந்தை பக்கம்தான் தீர்ப்பு. கண்ணால் கண்டுவிட்டாலோ, தயங்காமல் கை மேலே போக வேண்டும்.

பேத்திக்கு ஒன்பது வயது. இரண்டு நீளம் நீந்த வேண்டும். எதிர்க்கரையில், அவள் திரும்பும் இடத்தில் நின்றவள் என் பெண். குழந்தை எல்லோருக்கும் முன்னால் போய்த் திரும்பினாள். அந்தக் கணமே அம்மாவின் கை மேலே போயிற்று.

பின்னால் பாராமல் குழந்தை நீந்தி வந்து என் காலடியில் சுவரைத் தொட்டாள்.

"எவ்வளவு, தாத்தா?"

சொன்னேன்.

"ஒரு செகண்டு குறைச்சிட்டேன்!" என்று தண்ணீரிலேயே குதித்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்ல வேறொருவர் வந்துகொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இரவு பெண்ணிடம், "தெரியாத மாதிரி இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"போன வாரம் ஒரு கொரியாக்காரக் குழந்தைக்கு இதே தப்புக்குக் கை தூக்கினேன், அப்பா. அதன் அம்மா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்" என்றாள்.

பேத்தி இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பயிற்சிக்குக் காரில் போகும்போது, "அடுத்த போட்டியிலும் நீதான் அங்கே நிப்பியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றாள் என் பெண்.