எட்டாத உயரம்

1962ஆம் ஆண்டில் எங்கள் வீட்டிற்கு வானொலிப் பெட்டி வந்தது. தந்தையார் கூடத்துச் சுவரில் ஆளுயரத்திற்கு மேலே பலகை அடித்து, அதன்மீது அதனை அமர்த்தினார். சிறுவராகிய நாங்கள் அண்ணாந்து நின்று கேட்போம். எட்டித் தொட முயன்று வசவும் பெற்றோம். விலையுயர்ந்த பெட்டியைக் காக்கவே அவர் அவ்வாறு செய்தார் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

பிற்காலத்தில் வேறோர் உண்மை விளங்கிற்று. வால்வு வானொலியினுள்ளே ஏறக்குறைய 200 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கியிருக்கும். அப்பலகை பெட்டியை மட்டுமன்றி எங்களையும் காத்தது.

அண்மையில் என் இரண்டு வயதுப் பேரன் வந்திருந்தான். தாழ்ந்த மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியின் கம்பியைப் பற்றி இழுத்தான். கனத்த பெட்டி சாய்ந்தது. ஓடிச் சென்று தாங்கினேன். அவனது மற்றொரு கையில் ரிமோட் இருந்தது. திருகு தளர்ந்த அதன் மூடி திறந்து, பொத்தான் போன்ற சிறு பேட்டரி வெளியே தெரிந்தது. என் நெஞ்சு நடுங்கிற்று. அதனைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்து புண்ணாகக் கூடும். நொடியும் தாழாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அன்று மாலையே கருவிகளை உயர்ந்த அலமாரிக்கு மாற்றினேன். அலமாரியைச் சுவரோடு பிணைத்தேன். கம்பிகளைப் பின்புறம் மறைத்தேன். ரிமோட்டின் திருகை இறுக்கி, அதனையும் மேலே வைத்தேன்.

பேரன் அண்ணாந்து பார்த்துச் சிணுங்கினான். பெட்டியைக் காக்கவே தாத்தா இவ்வாறு செய்தார் என்று அவனும் சில காலம் எண்ணியிருக்கட்டும்!