அருகில் நிற்பவர்

நுழையும்முன்

திரைப்படம் முடிந்து அரங்கைவிட்டு வெளியேறும்போது மக்கள் வாயில் முதலில் வருவது கதைத்தலைவரின் பெயர். ஆனால், வீடு வந்து சேரும்வரை அவர்கள் பேசிப் பேசிச் சிரிப்பதோ, அத்தலைவரின் அருகில் நின்று வழுக்கி விழுந்த ஒருவரைப் பற்றியே. பேசாப்படக் காலம் தொட்டு இத்தகைய துணை நடிகர்கள் ஆற்றிய பணியையும், அப்பணியைத் தம் வாழ்நாள் கலையாகக் கொண்ட நாகேஷின் பயணத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கரிசல் மண்ணின் மேடை

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு என நிலம் தாங்கக்கூடியதை விதைத்துக் காத்திருப்பது இங்குள்ள மக்களின் வாழ்க்கை. வரப்போரமெங்கும் சீமைக்கருவேல மரங்கள் மண்டிய இப்பரப்பில் அமைந்த ஊர்களுள் ஒன்று எம்.ரெட்டியபட்டி.

ஆண்டு முழுவதும் வெயிலோடு போராடும் இவ்வட்டாரத்து ஊர்கள் சிரிப்பதற்கென ஓர் இரவை ஒதுக்கி வைத்திருந்தன. அது கோவில் திருவிழா நாடக இரவு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த மரபில் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்கள் விடிய விடிய நடைபெறும். நாடகத் துண்டறிக்கையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகியோரின் பெயர்கள் முன்னே நிற்கும். பபூனின் பெயர் பின்னே வரும். மேடையிலோ முறை மாறிவிடும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கி ஓய்ந்ததும் முதலில் வருபவர் பபூனே ஆவார்.

அவர் ஏன் முதலில் வருகிறார்? பகலெல்லாம் காட்டில் உழைத்துக் களைத்தவர்கள் மேடைக்கு முன்னே சாக்கு விரித்து அமர்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் தூக்கக் கலக்கத்தில் சிணுங்குகின்றன. அக்கூட்டத்தை விழிக்கச் செய்து, சிரிக்க வைத்து, முருகனும் வள்ளியும் வந்து நிற்பதற்குரிய மேடையாக அதனை ஆக்கித் தரவேண்டிய பொறுப்பு அவருடையது. பிறர் நடிப்பதற்கு இடம் அமைத்துக் கொடுப்பதே அவர் நடிப்பு. இந்த உண்மையை விளங்கிக்கொண்டால் துணை நடிகர் என்னும் சொல்லின் முழுப்பொருளும் விளங்கிவிடும்.

மெய்யில் தோன்றும் நகை

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். பிறரை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றார். நகையை அடுத்து அவர் வைத்தது அழுகை. உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதே மெய்ப்பாடு. எனவே, சொல் இல்லாமலும் நகை பிறக்கும்.

இதனை உலகத்துக்கு மெய்ப்பித்துக் காட்டியவை பேசாப்படங்கள். 1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். அக்காலப் படங்களுக்கு மொழி இல்லை. அதனால் மொழித்தடையும் இல்லை. ஒருவர் ஓடுவதும் மற்றொருவர் துரத்துவதும் எவருக்கும் விளங்கும். தமிழில் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவரும்வரை, திரையில் நடித்தவர்களுக்கு உடலே மொழியாக இருந்தது.

அமெரிக்காவில் அந்நாளில் இருபது நிமிட அளவிலான நகைச்சுவைக் குறும்படங்கள் ஏராளமாக எடுக்கப்பட்டன. அவற்றின் பேரரசராக விளங்கியவர் சார்லி சாப்ளின் (1889–1977). அவருடைய மெலிந்த உருவமும் வளைந்த நடையும் இன்றும் உலகறிந்தவை. ஆனால், அவர் மெலிந்தவராகத் தோன்றுவதற்கு அருகில் ஒரு மலை நிற்க வேண்டியிருந்தது. அந்த மலையின் பெயர் எரிக் கேம்பல்.

மலையாக நின்றவர்

ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் பருத்த உடலும் மிரட்டும் புருவங்களும் கொண்டவர் கேம்பல். 1916, 1917ஆம் ஆண்டுகளில் மியூச்சுவல் நிறுவனத்துக்காகச் சாப்ளின் உருவாக்கிய பன்னிரண்டு குறும்படங்களுள் பதினொன்றில் இவர் நடித்தார். ‘ஈசி ஸ்ட்ரீட்’ படத்தில் தெருவையே நடுங்கவைக்கும் முரடனாக வருகிறார். தம் வலிமையைக் காட்டத் தெருவிளக்குக் கம்பத்தையே வளைக்கிறார். அந்த நொடியில், காவலராக வரும் சாப்ளின் அவர் முதுகில் தாவி ஏறி, விளக்குக் கூண்டை அவர் தலையில் கவிழ்த்து, எரிவளியைத் திறந்துவிட்டு மயங்க வைக்கிறார். ‘தி இமிகிரண்ட்’ படத்தில், பணமில்லாமல் உண்ண வந்தவரை விழியாலேயே நடுங்கச் செய்யும் உணவகப் பணியாளராக வருகிறார்.

சாப்ளின் வெல்லும்போது மக்கள் மகிழ்ந்தார்கள். அவ்வெற்றிக்கு எடை கொடுத்தது கேம்பலின் தோல்வி. அவர் மெய்யாகவே அச்சுறுத்தினால்தான் சிறியவரின் துணிவு துணிவாகும். சரியான நொடியில் அவர் விழுந்தால்தான் சிரிப்பு பிறக்கும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் காட்சி பாழாகும். விழுவது எளிது, அடிபடாமல், பிறரையும் அடிபட விடாமல், குறித்த இடத்தில் குறித்த கணத்தில் விழுவது நெடும்பயிற்சியின் பயன்.

1917ஆம் ஆண்டு டிசம்பரில் மகிழுந்து விபத்தொன்றில் கேம்பல் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அவருடைய சாம்பல் உரிமை கோருவார் இன்றி நெடுங்காலம் கிடந்து, 1952ஆம் ஆண்டில்தான் அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் நடித்த படங்களைக் கண்டு உலகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அருகில் நிற்பவரின் வாழ்க்கையில் இத்தகைய மறதியும் ஒரு பகுதி.

வயிற்றுவலியில் பிறந்த நடிகர்

தமிழ்த் திரையில் உடலால் நகை விளைவித்தவர்களுள் தனியிடம் பெற்றவர் நாகேஷ். 1933ஆம் ஆண்டு தாராபுரத்தில் பிறந்த இவர், சென்னையில் தொடர்வண்டித் துறை எழுத்தராகப் பணியாற்றினார். மெலிந்த உடல், முகத்தில் அம்மைநோய் விட்டுச்சென்ற தழும்புகள். கதைத்தலைவருக்குரிய முகம் எனத் திரையுலகம் கருதிய இலக்கணம் எதுவும் அவரிடம் இல்லை.

நாடகம் ஒன்றில் அவருக்குக் கிடைத்தது மிகச் சிறிய வேடம். வயிற்றுவலிக்காரராக வந்து சென்றால் போதும். அவ்வேடத்தை அவர் சிறியதாகக் கருதவில்லை. வலியால் உடலை அவர் முறுக்கிய முறுக்கில் அரங்கமே அதிர்ந்து சிரித்தது. விழாவுக்குத் தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர்., சில நிமிடங்களே மேடையில் தோன்றிய அந்த நடிகரைப் பாராட்டிப் பரிசு வழங்கினார். நாகேஷின் வாழ்வில் இது திருப்புமுனையாயிற்று.

எழுத்தர் பணியைவிட்டுத் திரைத்துறைக்கு வந்தபின், வாய்ப்புக்காகக் காத்திருந்த நாள்கள் பல. பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் வாலியும் நடிகர் ஸ்ரீகாந்தும் அந்நாளில் அவருடைய அறைத்தோழர்கள். 1959ஆம் ஆண்டு ‘தாமரைக்குளம்’ படத்தின்வழித் திரையில் தோன்றினார். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) அவரை மக்களிடம் கொண்டுசேர்த்தது. துயரம் கவிந்த மருத்துவமனைக் கதையில், பார்வையாளர் மூச்சுவிடுவதற்கு ஏற்ற இடைவெளியை அவருடைய நகைச்சுவை தந்தது.

கேட்பவரின் நடிப்பு

துணை நடிப்பின் நுட்பத்தை அறிய விரும்புவோர் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தின் ஒரு காட்சியைப் பார்த்தல் வேண்டும். திரைப்பட மோகம் கொண்ட செல்லப்பாவாக நாகேஷ் வருகிறார். தந்தையாக நடிக்கும் டி.எஸ். பாலையாவிடம் தாம் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைச் சொல்கிறார். குரல், கை, கண், விரல் ஆகிய அனைத்தாலும் நாகேஷ் இருளையும் காலடி ஓசையையும் எழுப்புகிறார். ஆனால், சிரிப்பு பிறப்பது அவரிடம் மட்டுமன்று. பாலையாவின் முகத்திலும் அது பிறக்கிறது. விழிகள் விரிவதும், உடல் ஒடுங்குவதும், அச்சத்தை மறைக்க முயன்று தோற்பதும் என அவர் கேட்டுக்கொண்டே நடிக்கிறார்.

இங்கே கதை சொல்பவருக்குக் கேட்பவர் துணை. கேட்பவருக்குச் சொல்பவர் துணை. ஒருவரை நீக்கிவிட்டால் மற்றவரின் நடிப்பு வெறும் ஆர்ப்பாட்டமாகிவிடும். பேசும்படத்தினுள்ளும் பேசாப்படத்தின் கலை உயிரோடிருப்பதைப் பாலையாவின் முகம் காட்டுகிறது.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் தருமியாக வந்தார் நாகேஷ். வறுமையால் வாடும் புலவர்; பரிசின்மேல் ஆசை; பிறர் எழுதித்தந்த பாடலைத் தமதென்று சொல்லும் நடுக்கம். சிவாஜி கணேசன் என்னும் பெருங்கலைஞருக்கு எதிரே நின்று, வளைந்த முதுகாலும் குழறும் குரலாலும் அக்காட்சியை மறக்கவியலாததாக்கினார். அக்காட்சியில் நாகேஷின் நடிப்பைச் சிறிதும் குறைக்காமல் வைக்க வேண்டும் எனச் சிவாஜி கணேசனே கேட்டுக்கொண்டார் எனத் திரையுலகினர் நினைவுகூர்வர். துணை நடிகருக்கு இடம்விடும் மனம் தலைமை நடிகருக்கும் அழகு சேர்க்கும்.

நடுவிலிருந்து மீண்டும் ஓரத்துக்கு

ஓரத்தில் நின்றவர் நடுவுக்கும் வந்தார். ‘சர்வர் சுந்தரம்’ (1964), ‘நீர்க்குமிழி’ (1965), ‘எதிர்நீச்சல்’ (1968) ஆகிய படங்களில் அவரே கதைத்தலைவர். ‘சர்வர் சுந்தரம்’ கதையில், உணவகத்தில் பரிமாறும் இளைஞன் ஒருவன் புகழ்மிக்க நகைச்சுவை நடிகனாக உயர்கிறான். ஆயினும், விரும்பிய பெண்ணின் அன்பு அவனுக்குக் கிட்டவில்லை, தாயையும் இழக்கிறான். ஊரைச் சிரிக்க வைப்பவனின் வீட்டில் அழுகை நிறைகிறது. தொல்காப்பியர் நகையை அடுத்து அழுகையை வைத்ததற்கு இப்படம் ஓர் உரை போல அமைந்துள்ளது.

காலம் மாறியது. புதிய நடிகர்கள் வந்தனர். தலைமை வேடங்கள் குறைந்தன. நாகேஷ் சிறு வேடங்களுக்கு மீண்டார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் கொடியவராக நடித்து, அதுவரை சிரித்தவர்களை அஞ்ச வைத்தார். பின்னர் ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் எவரும் எளிதில் ஏற்கத் துணியாத வேடம் ஒன்று வந்தது. அது பிண வேடம்.

சொல்லே அற்ற வேடம் அது. கண் இமைத்தலும் கூடாது. நாற்காலியில் சாய்த்தால் சாய வேண்டும். தூக்கினால் துவள வேண்டும். மெய்ப்பாடு எதனையும் காட்டாமலேயே நகையை விளைவிக்க வேண்டும். அறுபது வயதை எட்டிய நாகேஷ், உயிரற்ற உடலின் எடையையும் தொய்வையும் அவ்வளவு துல்லியமாகத் தாங்கி நின்றார். அருகிலிருந்த நடிகையரின் பதற்றம் அதனால் பன்மடங்கு சிரிப்பாயிற்று. வயிற்றுவலியால் துடித்த உடலில் தொடங்கிய கலை, அசைவே இல்லாத உடலில் நிறைவு கண்டது.

அதே ஆண்டு வெளிவந்த ‘நம்மவர்’ படத்தில், மகளைப் பறிகொடுத்த தந்தையாக அவர் நடித்தார். நகைச்சுவை நடிகர் என்று அறியப்பட்டவர் பார்வையாளரைக் கலங்கச் செய்தார். இந்தியாவின் தேசிய விருது அவருக்கு அப்படத்துக்காகவே கிடைத்தது. அவ்விருதின் பெயர்: சிறந்த துணை நடிகர்.

தெரிந்து தெளிவோம்

நாகேஷ் பேசாப்பட நடிகர் அல்லர். பேசும்படக் காலத்தில் உடல்மொழியால் சிறந்தவர். ‘தசாவதாரம்’ (2008) அவர் இறுதிக்காலத்தில் நடித்த படங்களுள் ஒன்று. 2009ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

சிறிய வேடம் என ஒன்று உண்டா?

பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்கு வேடம் பிரிக்கும்போது அரசர் வேடத்துக்குப் போட்டி இருக்கும். வாயிற்காவலர் வேடம் கிடைத்தவர் முகம் வாடும். நாகேஷுக்கு முதலில் கிடைத்ததும் வாயிற்காவலர் வேடத்தைவிடப் பெரியதன்று. ஆனால், அருகில் நிற்பவர் அசட்டையாக நின்றால் அரசரின் ஆணையும் எடுபடாது. அவர் ஊன்றிக் கேட்டால் அரசரின் சொல்லுக்கு அதிகாரம் கூடும். மேடைக்கு மட்டுமன்று, குடும்பத்துக்கும் பணியிடத்துக்கும் இது பொருந்தும். முன்நிற்பவர் ஒருவர் எனில், அவரை முன்நிற்கச் செய்பவர் பலர். அவர்களின் பெயர்களை அறிந்து சொல்வது, அவர்களால் சிரித்தவர்களின் கடமை.

எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் நாடகம் முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். வள்ளிக்கும் முருகனுக்கும் திருமணம் ஆகியிருக்கும். மக்கள் விரித்த சாக்கை உதறிச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புவர். பொழுது ஏறியதும் மிளகாய்க் காட்டில் வேலை தொடங்கும். நிரையில் குனிந்து பழம் பறிப்பவர்களுள் ஒருவர், முந்தைய இரவு பபூன் தடுக்கி விழுந்த விதத்தைச் சொல்லிக் காட்டுவார். மற்றவர்கள் நிமிர்ந்து நின்று சிரிப்பார்கள். வெயில் குறைந்துவிடாது, எனினும், வேலை சற்றே இலகுவாகும்.