நாயனம் மாதிரி ஒன்று

பெரியப்பா கும்பகோணம் பக்கத்தில் நாற்பது வருஷம் நாயனம் வாசித்தவர். பல் போனதும் வாசிப்பை நிறுத்திவிட்டார். காதை மட்டும் நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது ஒரு ராத்திரி நான் போட்ட இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, படுத்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

“யார்ரா தம்பி அது? சீவாளி ரொம்பச் சின்னதா இருக்கும்போல. ஆனா ஆளு வெவரமா ஊதுறான்.”

யூசுஃப் லத்தீஃப். ‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’ என்ற தட்டில் வரும் ‘ப்ளூஸ் ஃபார் தி ஓரியன்ட்’. கையில் இருப்பது ஓபோ. மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் சுருதி சேர்த்துக்கொள்வது அதை வைத்துத்தான் என்று சொன்னேன்.

“அவங்க நோட்டைப் பார்த்துல்ல வாசிப்பாங்க? இவன் இழுத்து இழுத்து வாசிக்கிறானே. இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

பதில் தெரியாமல் விழித்தேன். தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

கேள்வியின் பாதிக்குச் சுலபமாகப் பதில் கிடைத்தது. லத்தீஃப் 1920இல் டென்னசியில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர், அடிப்படையில் டெனர் சாக்ஸபோன்காரர். பேர் வாங்கிய பிறகும் மாணவனாகப் போய் உட்கார்ந்து, டெட்ராய்ட் சிம்பொனியைச் சேர்ந்த ரொனால்ட் ஓடெமார்க்கிடம் ஓபோ கற்றிருக்கிறார். ஆனால் சிம்பொனிக்காரர் ஓபோவைத்தான் சொல்லித் தந்திருப்பார். அதில் ப்ளூஸ் எங்கிருந்து வந்தது?

ஓபோவின் சங்கடம் கொஞ்சம் விசித்திரமானது. நாணல் தட்டையை மெலிதாகச் சீவி, இரண்டு இதழாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஆக, நம் சீவாளிக்கு அது உறவுதான். ஆனால் அதன் வாய் அவ்வளவு குறுகல். ஊதுகிறவருக்குக் காற்று போதாமல் போவதில்லை, மிஞ்சிப்போகிறது. மூச்சு வாங்கும் முன் உள்ளே தேங்கிய பழங்காற்றை வெளியே விட்டாக வேண்டும். சாக்ஸபோனில் தாராளமாக ஊதிப் பழகியவருக்குக் கழுத்தை நெரிப்பது போல இருக்குமாம். இது போதாதென்று ப்ளூஸுக்கு உயிரான ஸ்வரங்கள் வேறு. அவை நம் காதுக்கு ஒன்றும் புதிதல்ல. இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே எங்கோ ஊசலாடுகிறவை. நாயனத்தில் துளையை அரைவிரலால் மூடியும் மூச்சை ஏற்றி இறக்கியும் அங்கே போய்விடலாம். சாவிகள் பூட்டிய ஓபோவில் உதடும் தாடையும்தான் கதி. கொஞ்சம் அதிகம் தளர்த்தினால் நாதம் உடைந்துவிடும். லத்தீஃப் அந்த விளிம்பிலேயே நின்று வாசிக்கிறார். பெரியப்பா படுத்த இடத்திலிருந்து குரல் கொடுத்தது அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’ பதிவானது 1961 செப்டம்பர் 5. அவருடைய 1959ஆம் வருஷத் தட்டிலேயே ஓபோ இருக்கிறது. ஓபோவில் ஜாஸை முதலில் வாசித்தது யார் என்று இன்னும் பின்னால் போனேன். கலிஃபோர்னியாவில் பாப் கூப்பர் 1950களின் நடுவிலேயே ஓபோவில் ஜாஸ் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். சுத்தமான வாசிப்பு, அழகும்கூட. மண் மட்டும் ஒட்டவில்லை என்பது என் கட்சி. 1949இல் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் தந்திக் கருவிகளோடு செய்த பதிவில் மிட்ச் மில்லரின் ஓபோ வருகிறது. மில்லர் எழுதிக் கொடுத்ததை அச்சு மாறாமல் வாசிக்க, பார்க்கர் மேலே பறந்துகொண்டிருப்பார். பால் வைட்மன் போன்றவர்களின் பெரிய பேண்டுகளில் 1920களிலேயே ஓபோ உண்டு. ஆனால் பந்தலில் தொங்கும் தோரணம் மாதிரி, வெறும் அலங்காரத்துக்கு.

இதோடு விட்டுவிடலாம் என்றிருந்தபோது, இன்னொரு சாக்ஸபோன்காரரான ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்ததன் முழுப் பதிவைக் கேட்டேன். லத்தீஃப் தட்டுக்கும் அதற்கும் இடையே இரண்டு மாதம்தான். ‘இந்தியா’ என்ற உருப்படியில் ஓபோ. ‘ஸ்பிரிச்சுவல்’ என்பதில் அதே இரட்டை இதழ்க் குடும்பத்தின் அடிக்குரலான, அதைவிட அபூர்வமான கான்ட்ராபஸூன். மடித்து மடித்து வைத்த குழலை நிமிர்த்தினால் ஐந்து மீட்டருக்கு மேல் வரும். ஊதுகிறவர் பெயர் கார்வின் புஷெல். கோல்ட்ரேனின் சோதனைகளில் சேர்ந்துகொண்ட யாரோ இளைஞர் என்று நினைத்தேன். அப்போது கோல்ட்ரேனுக்கு வயது 35, புஷெலுக்கு 59!

புஷெல் 1902இல் ஒஹையோவில் பிறந்தவர். கறுப்பினப் பாடகி ஒருவர் பாடி முதலில் தட்டாக வந்த ப்ளூஸ் மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’, 1920. அடுத்த வருஷமே புஷெல் மேமி ஸ்மித்தின் கோஷ்டியில் கிளாரினெட் வாசிக்கிறார். 1924இல் ஜாஸ் பேண்டில் ஓபோ எடுக்கிறார். 1925இல் சாம் வுடிங்கின் குழுவோடு பெர்லினுக்குக் கப்பலேறுகிறார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது 1928 மார்ச்சில் நடந்த ஒரு பதிவு. நியூஜெர்ஸியின் கேம்டனில் பழைய தேவாலயம் ஒன்றை விக்டர் கம்பெனி ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி வைத்திருந்தது. அங்கிருந்த பைப் ஆர்கனில் ஃபேட்ஸ் வாலர், பியானோவில் ஜேம்ஸ் பி. ஜான்சன், கார்னெட்டில் ஜாபோ ஸ்மித். நாலாவது ஆள் புஷெல், கிளாரினெட், சாக்ஸபோனோடு பஸூனும் எடுத்துக்கொண்டு. டிரம்ஸ் கிடையாது. லூயிசியானா ஷுகர் பேப்ஸ் என்ற பெயரில் வந்தது மொத்தம் நாலே பாட்டு. ஆர்கனின் கடகடப்புக்கு நடுவே அந்த பஸூன் தொண்டை கட்டிய கிழவர் கதை சொல்வது போல நுழைகிறது. பஸூன் ஜாஸுக்குப் பேர்போனதாகச் சொல்லப்படும் ஃப்ராங்கி ட்ரம்பாவரின் தட்டு 1929இல்தான் வருகிறது.

புஷெலின் சுயசரிதை 1988இல் வெளிவந்தது. ஓபோ, பஸூன் இரண்டிலும் சிம்பொனி நாற்காலிக்கு ஆசைப்படும் அளவுக்கு உழைத்த மனிதர். கான்ட்ராபஸூனோடு அவர் வான்கார்டின் நிலவறைக்கு இறங்கிய வருஷம் 1961. அதே ஊரின் ஃபில்ஹார்மானிக் தன் முதல் கறுப்பின உறுப்பினராக சான்ஃபோர்ட் ஆலன் என்ற வயலின்காரரைச் சேர்த்துக்கொண்டது 1962இல். இரண்டு வருஷத்தையும் ஒரே தாளில் எழுதிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யார் முதலில் என்ற கேள்வி அதோடு எனக்குச் சுவைக்கவில்லை.

பெரியப்பாவுக்குக் கடன் பாக்கி இருந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது ‘இந்தியா’வைப் போட்டுக் காட்டினேன். அதில் இரண்டு பாஸ்கள், தம்பூராவில் அகமது அப்துல் மாலிக், மேலே புஷெலின் ஓபோ. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், முடிந்ததும் ஊதியவர் யார் என்றே கேட்கவில்லை.

“ஒத்து யாருடா பிடிக்கிறது?” என்றார். அடியில் விடாமல் ஓடும் சுருதியைக் கேட்கிறார். மாலிக்கின் பெயரைச் சொன்னேன்.

“இங்க ஒத்துக்காரனை அனுப்பிட்டுச் சுருதிப் பொட்டியை வெச்சாச்சு. அங்க ஆளு வெச்சுப் பிடிக்கிறான் பாரு. இன்னொரு தரம் போடு.”