திரைகள் ஏதுமில்லை

எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் மேற்குத் தாம்பரத்தில், லினக்ஸ் ஏற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டரில் தயாராகின்றன. சென்ற மாதம் அதன் திரையில் எழுத்துகள் ஐந்தில் ஒரு பங்கு அகலம் கூடிவிட்டன. ‘ழ’ மிதிபட்டதுபோல் படுத்துக் கிடந்தது. குறுங்கவிதைகள்கூட உரைநடையின் உடம்போடு தெரிந்தன. 1440-க்கு 900 புள்ளிகள் கொண்ட திரைக்கு 1024-க்கு 768 புள்ளிகளே போய்க்கொண்டிருந்தன. அதற்கு மேல் தேர்ந்தெடுக்க வழியில்லை.

திரை தன்னைப் பற்றிய 128 பைட் குறிப்பொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. 1994-ல் வந்த ஏற்பாடு இது. வி.ஜி.ஏ. கேபிளின் 12, 15-ஆம் ஊசிகள் வழியே அந்தக் குறிப்பு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவேண்டும். புதிதாக வாங்கிய மலிவான கேபிளில் அந்த இரண்டு கம்பிகளும் இல்லை. படம் போகிறது, திரை தன்னைச் சொல்லிக்கொள்ள வழியில்லை. கம்ப்யூட்டர் ஒரு சராசரித் திரையைக் கற்பித்துக்கொண்டு அதற்காக வரைகிறது.

வேறு கேபிள் வரும்வரை அளவுகளை ‘மோட்லைன்’ என்கிற ஒற்றை வரியாக நாமே எழுதிக்கொடுக்கலாம். 1440 புள்ளிகளுக்கு 1904 என்று கணக்கு வைக்கவேண்டும். மிச்சமுள்ள 464, பழைய குழாய்த் திரையில் எலக்ட்ரான் கற்றை அடுத்த வரிக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட அவகாசம். தட்டைத் திரையில் கற்றை கிடையாது, அவகாசம் மட்டும் தொடர்கிறது. 2007-ல் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்ட காலத்தில் இந்த மாதிரி எண்களைக் கையால் எழுதுவது சகஜம். எண்கள் ஒத்துவராவிட்டால் ‘திரைகள் ஏதுமில்லை’ என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியம் வரும். வருவது அதே திரையில்தான்.

கேபிளின் குறையைக் காட்டிக்கொடுத்தது எக்ஸ் சர்வரின் பதிவேடு. திரையின் குறிப்பு இருக்கவேண்டிய தலைப்பின் கீழ் வெற்றிடம். ஆனால் என்னை நிறுத்தியது அதற்கும் முன்னால், பதிவேட்டின் தொடக்கத்திலேயே கொடுத்திருந்த குறி விளக்கம். (--) என்றால் தானே சோதித்து அறிந்தது. (**) என்றால் அமைப்புக் கோப்பில் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டது. (==) என்றால் யாரும் எதுவும் சொல்லாததால் வழக்கப்படி வைத்துக்கொண்டது. (??) தெரியாதது. ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டே வரி ஆரம்பிக்கிறது.

நம் விமர்சனத்தில் இந்தப் பழக்கம் இல்லை. மௌனியைத் திருமூலருக்கு ஒப்பிட்டது புதுமைப்பித்தனளவில் (--). அதையே இன்றுவரை திருப்பிச் சொல்லிவரும் கட்டுரைகளில் எத்தனைக்கு (**) போடலாம்? பெரும்பாலும் (==)தான். க.நா.சு.வின் பட்டியல்களை வைதவர்கள் உண்டு. அவராவது அது தன் ரசனை என்பதை மறைக்கவில்லை. (==) இழிவு என்று நான் சொல்லவரவில்லை. அது இல்லாமல் இயந்திரம் கிளம்பாது, எல்லாவற்றையும் தானே படித்து முடித்த வாசகனும் கிடையாது. ஆனால் குறியை அழித்துவிட்டு (--) வேஷம் கட்டும்போது, படிக்கிறவனுக்கு எதைச் சரிபார்ப்பது என்றே தெரியாமல் போகிறது.

அடுத்த இதழுக்கு மௌனி பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே படித்தேன். முதல் இரண்டு பக்கமும் (==). மூன்றாம் பக்கத்தில், ‘அழியாச்சுடர்’ பற்றிச் சொல்ல வரும் இடத்தில், வாக்கியம் தடுமாறுகிறது. எழுதியவர் கதையை மறுபடி எடுத்துப் படித்திருப்பது தெரிகிறது. அந்த இடத்திலிருந்து ஆரம்பித்து எழுதித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன்.